எண்ணாயிரத்தில் எம்பெருமானார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், திருப்பேர்நகரை மங்களாசாஸனம் செய்யும் எட்டாம் திருவாய்மொழியை அநுஸந்திக்கும்போது, ஒன்பதாம் பாசுரத்தில் நம் நெஞ்சு சற்றுத் தயங்கி நிற்கும். இன்று தம்மை ஒரு பொருளாக மதித்துத் தம்முள்ளே வந்து புகுந்த பெருமான், முன்பு தம்மை விலகிப் போகும்படி விட்டிருந்தது எதற்காக என்று நம்மாழ்வார் அங்கே கேட்கிறார். காரணத்தை அவனே சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறாரேயன்றி, பாசுரத்தினுள் விடை இல்லை.

இக்கேள்வி ஆழ்வார் ஒருவருக்கே உரியதன்று. எம்பெருமான் எல்லாருக்கும் அந்தர்யாமி. அவன் இசைவின்றி ஒரு துரும்பும் அசையாது என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அப்படியாகில், ஒருவன் அவனையே வெறுத்து முகம் திருப்பும்போது, அவ்வெறுப்பையும் உள்ளிருந்து அவனே உண்டாக்குகிறானோ? ஹிரண்யனின் நெஞ்சு கல்லானதற்குப் பொறுப்பு ஹிரண்யனுக்கா, அவனுள் நின்றவனுக்கா? உள்நின்றவனுக்கு என்றால், சேதநனுக்கு விதியும் விலக்கும் சொல்லும் சாஸ்த்ரம் வீணாகும். ஹிரண்யனுக்கு என்றால், எம்பெருமானின் நியமநம் அவன் நெஞ்சின் வாசலில் நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே வழி கண்டவர் நம் ஸ்வாமி எம்பெருமானார். அவ்வழியை ஸ்ரீபாஷ்யத்தில் எழுதி வைத்தார். தம் நூற்றிருபது ஆண்டு வாழ்விலும் அதையே நடத்திக் காட்டினார். இறுகிய நெஞ்சங்கள் பல அவர் எதிரே வந்தன. அவற்றுள் ஒன்றையும் அவர் பலத்தால் உடைக்கவில்லை. ஒன்றுக்கும் கதவை அடைக்கவுமில்லை. அவருடைய திருச்சரிதத்தை இந்த ஒரு நோக்கில் இங்கே அநுபவிக்க விரும்புகிறோம்.

1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம், சித்திரை மாதத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தார். மாமாவாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார். வேதாந்தம் கற்பதற்காகக் காஞ்சிக்குச் சென்று யாதவப்பிரகாசரை அடைந்தார். யாதவப்பிரகாசர் அக்காலத்தில் பெயர் பெற்ற வித்வான். திருப்புட்குழியில் மாணாக்கர் பலர் சூழ வேதாந்தம் சொல்லி வந்தவர். அவர் நெஞ்சு இறுகிய வரலாறு நமக்கு முதல் பாடம்.

ஒருநாள் எண்ணெய்க் காப்பின்போது, பெருமானுடைய திருக்கண்களைத் தாமரையோடு ஒப்பிடும் சாந்தோக்ய வாக்யத்துக்கு யாதவர் தகாத பொருள் சொன்னார். அதைக் கேட்ட இளையாழ்வாரின் கண்களிலிருந்து பெருகிய வெந்நீர் ஆசிரியரின் தொடையில் விழுந்தது. காரணம் கேட்டறிந்த யாதவர் மாணாக்கர் சொன்ன பொருளை எடுத்து ஆராய்ந்திருக்கலாம். அவர் அவமானத்தையே கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை வேறொரு வாக்யத்தில் கருத்து வேறுபட்டபோது கோபம் வளர்ந்தது. பின்பு தம் மதத்துக்கே இவனால் ஆபத்து என்ற அச்சம் வந்தது. முடிவில், கங்கைக்கு யாத்திரை என்று அழைத்துச் சென்று நீரில் ஆழ்த்திவிடுவது என்று மற்ற மாணாக்கரோடு கூடித் தீர்மானித்தார். பாபத்தைப் போக்கும் தீர்த்தத்தையே பாபத்துக்குக் கருவியாக்க நினைத்த அளவுக்கு அவர் நெஞ்சு சென்றது. ஆயினும் அது ஒரே தாவலில் அங்கே சென்று சேரவில்லை. ஒவ்வொரு படியிலும் திரும்புவதற்கு இடம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் மேலே ஏறுவதையே தேர்ந்தார்.

இளையாழ்வாரின் சிற்றன்னை குமாரரான கோவிந்தர் விந்தியக் காட்டில் இச்சதியைத் தெரிவிக்க, இளையாழ்வார் தனியே பிரிந்தார். வழி தெரியாமல் தவித்தவரை வேடனும் வேடுவச்சியுமாகத் தோன்றிய பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டில் வேடனாய் வந்த பெருமான் தன் அடியவனைக் காத்தான். சதி செய்தவரைத் தண்டிக்கவில்லை. யாதவர் கங்கையாடி ஊர் திரும்பினார். மீண்டும் பாடம் சொன்னார். இளையாழ்வார் எதுவுமே நிகழாதது போலச் சென்று அமர்ந்து பாடம் கேட்டார். யாதவருக்கு இவ்வாறு காலம் நீட்டிக்கப்பட்டது.

அக்காலத்திலேயே யாதவருக்கு மற்றோர் அடையாளமும் காட்டப்பட்டது. அரசகுமாரி ஒருத்தியைப் பிடித்திருந்த பிரம்மரக்ஷஸ்ஸை விலக்கச் சென்றபோது, அது யாதவரின் முற்பிறவியை எடுத்துச் சொல்லிற்று. மதுராந்தகத்து ஏரிக்கரைப் புற்றில் உடும்பாய் இருந்தவர், திருமலை யாத்திரை சென்ற பாகவதர்கள் அமுது செய்து சிந்திய சோற்றை உண்டதனாலேயே இப்பிறவியில் வித்வானாயினார் என்பது அதன் வார்த்தை. இளையாழ்வாரின் திருவடி தலைமேல் பட்டதும் அது அரசகுமாரியை விட்டு நீங்கிற்று. தம் வித்தை முழுதும் பாகவதர் சிந்திய பருக்கையின் பயன் என்று எல்லார் முன்னும் கேட்டும் யாதவர் இளகவில்லை. அறிவு கூடினால் நெஞ்சு தானே இளகிவிடும் என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று.

பிறகு இளையாழ்வார் அவரை விட்டு நீங்கித் திருக்கச்சி நம்பியைப் பற்றினார். நம்பி மூலமாகப் பேரருளாளன் அருளிய ஆறு வார்த்தைகளைப் பெற்றார். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில், மகிழமரத்தடியில், பெரிய நம்பியிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்றார். பின்னர்க் காஞ்சியில் துரீயாச்ரமம் ஏற்று யதிராஜரானார். அப்போதுதான் யாதவரின் கதை திரும்பியது. வயது முதிர்ந்த அவருடைய தாயார், மகனைப் பார்த்து, ராமாநுஜரின் திருவடிகளை அடையும்படி சொன்னார். யாதவருக்கு உள்ளே ஆசை எழுந்தது. ஆனால் சிகையும் யஜ்ஞோபவீதமும் துறந்த குற்றத்துக்குப் பிராயச்சித்தமாகப் பூமியை வலம்வர வேண்டுமே, இந்த வயதில் அது ஆகுமோ என்று தயங்கினார். யதிராஜரை வலம்வந்தால் பூமியை வலம்வந்ததாகும் என்று பேரருளாளன் ஸ்வப்நத்தில் திருவுள்ளம் காட்டினான். யாதவப்பிரகாசர் தம் மாணாக்கரை வலம்வந்து, விழுந்து ஸேவித்து, கோவிந்த ஜீயரானார். எம்பெருமானார் பழைய சதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. துறவிகளின் ஒழுக்கத்தைத் தொகுத்து நூல் எழுதும்படி நியமித்தார். யதிதர்மஸமுச்சயம் என்னும் அந்நூல் இன்றும் நம்மிடையே உள்ளது. தர்மத்தை மீறத் துணிந்த கையைக்கொண்டே தர்மத்தை எழுதுவித்தார்.

எம்பெருமானார் திருவரங்கம் எழுந்தருளி, பெரிய கோயில் நிர்வாகத்தை ஏற்று, பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாளரையர் ஆகியோரிடம் ரஹஸ்யார்த்தங்களையும் அருளிச்செயலையும் கேட்டார். பதினெட்டு முறை நடந்து திருக்கோட்டியூரில் பெற்ற பொருளை ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டதை நாம் அறிவோம். அங்கும் ஆசை என்பதையே தகுதியாக வைத்தார். குலத்தையோ கல்வியையோ பார்க்கவில்லை. ஆசை இல்லாதவர்மேல் திணிக்கவுமில்லை. விருப்பம் சேதநனுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு உறுதி பூண்டிருந்தார்.

இனி, நாம் சொல்ல வந்த ஊருக்கு வருவோம். எம்பெருமானார் திருவேங்கடமுடையானை ஸேவிக்கத் திருவரங்கத்திலிருந்து சிஷ்யர்களோடு கால்நடையாகப் புறப்பட்டார். திருக்கோவலூரில் ஆயனாரை மங்களாசாஸனம் செய்தார். அடுத்து அவர் எழுந்தருளிய இடத்தைக் குருபரம்பரை அஷ்டஸஹஸ்ர கிராமம் என்று குறிக்கிறது. எண்ணாயிரம் என்பதே அதன் தமிழ். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நாட்டில், பிரம்மதேசத்தின் அருகே இன்றும் அப்பெயருடன் விளங்கும் ஊரே அது என்று கொள்வர் பெரியோர்.

பிரம்மதேசம், எண்ணாயிரம், எசாலம் ஆகியவை அடுத்தடுத்த ஊர்கள். சோழர் காலக் கோயில்களும் சாஸனங்களும் நிறைந்தவை. பிரம்மதேசத்தில் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் கோயில்கள் உள்ளன. எண்ணாயிரத்தில் எழுந்தருளியிருப்பவர் அழகிய நரசிங்கப் பெருமாள். சோழர் காலத்தில் இவ்வூர் ராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்றும், கோயில் ராஜராஜ விண்ணகர் என்றும் பெயர் பெற்றிருந்தன. எம்பெருமானார் பாலகராக இருந்த காலத்தை ஒட்டி, முதலாம் ராஜேந்திர சோழன் ஆட்சியில் இங்கே ஒரு பெரிய வேதக் கல்லூரி நடந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. 14 ஆசிரியர்களும் 340 மாணாக்கர்களும் இருந்தனர். அவர்களுள் 270 பேர் வேதங்களும் தொடக்க இலக்கணமும் முதலானவை பயின்றனர். மேற்படிப்பில் இருந்த 70 பேரில் 25 பேர் வியாகரணமும், 35 பேர் பிரபாகர மீமாம்ஸையும், 10 பேர் வேதாந்தமும் கற்றனர். கோயிலில் திருவாய்மொழி ஓதுவதற்கும் நிவந்தம் இருந்தது. வேதமும் திருவாய்மொழியும் செல்வமும் ஒருங்கே திகழ்ந்த ஊர் என்று இதனால் அறிகிறோம். இப்படிப்பட்ட ஊரில்தான் அடுத்து வரும் நிகழ்ச்சி நடந்தது.

அவ்வூரில் எம்பெருமானாருக்கு இரண்டு சிஷ்யர்கள் இருந்தனர். ஒருவர் யஜ்ஞேசர், தமிழில் எச்சான் என்பர். பெருஞ்செல்வர். மற்றவர் வரதார்யர்; பருத்திக்கொல்லையம்மாள் என்று வழங்கப்பெறுபவர். உஞ்சவிருத்தி செய்து, கிடைத்ததைப் பெருமாளுக்கு அமுது செய்வித்து வாழ்ந்த ஏழை. பெரிய கோஷ்டியோடு எழுந்தருளியதால், எம்பெருமானார் எச்சான் திருமாளிகையில் தங்கத் திருவுள்ளம் பற்றி, இரண்டு ஸ்ரீவைஷ்ணவர்களை முன்னே அனுப்பினார்.

செய்தி கேட்ட எச்சானுக்கு மகிழ்ச்சி கரைபுரண்டது. ஆசார்யன் தம் இல்லத்துக்கு எழுந்தருளுகிறார்! உடனே உள்ளே விரைந்தார். வாசலை அலங்கரிக்கவும் தளிகைக்கு வேண்டியவற்றைச் சேர்க்கவும் ஆட்களை ஏவினார். அந்தப் பரபரப்பில், செய்தி கொண்டுவந்த இருவரும் வாசலிலேயே நின்றார்கள். வெயிலில் நடந்து களைத்து வந்தவர்கள் அவர்கள். உட்காரச் சொல்வாரில்லை, கால் கழுவ நீர் தருவாரில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு, அவர்கள் திரும்பிச் சென்று எம்பெருமானாரிடம் உள்ளதை விண்ணப்பித்தார்கள். அவர் எச்சானைச் சபிக்கவில்லை, ஆளனுப்பிக் கண்டிக்கவுமில்லை. கோஷ்டியை வரதார்யர் குடிசையின் பக்கம் திருப்பினார்.

வரதார்யர் உஞ்சவிருத்திக்குச் சென்றிருந்தார். அவர் தேவியாராகிய லக்ஷ்மி அம்மையார் உள்ளே இருந்தார். தம்மிடம் இருந்த ஒரே சேலையை நனைத்து உலர்த்தியிருந்தமையால் வெளியே வர இயலாமல், கைகளைத் தட்டித் தம் இருப்பைக் குறிப்பித்தார். நிலையை உணர்ந்த எம்பெருமானார் தம் மேலுத்தரீயத்தை உள்ளே எறிந்தார். அதை உடுத்து வந்து ஸேவித்த அம்மையார், அனைவரையும் நீராடி எழுந்தருளும்படி பிரார்த்தித்தார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை.

அவ்வூர் வணிகன் ஒருவன் அம்மையாரின் அழகில் மயங்கி, பலமுறை தூதனுப்பிப் பொருளாசை காட்டி, மறுக்கப்பட்டவன். ஆசார்ய கைங்கர்யத்தின் முன்னே தம் மானத்தையும் ஒரு பொருளாக எண்ணாமல், அம்மையார் அவனிடம் சென்று, அவன் விருப்பத்துக்கு அன்றிரவு இசைவதாகச் சொல்லித் தளிகைக்கு வேண்டிய பண்டங்களைப் பெற்றுவந்தார். கோஷ்டி முழுதும் அமுது செய்தது. திரும்பி வந்த வரதார்யர் நடந்தது அனைத்தையும் கேட்டு, கோபிக்காமல், இப்படிப்பட்ட துணை தமக்கு வாய்த்ததே என்று உருகினார். எம்பெருமானார் அமுது செய்த ப்ரஸாதத்தையும் ஸ்ரீபாததீர்த்தத்தையும் எடுத்துக்கொண்டு இருவருமாக அவ்வணிகன் வீட்டுக்குச் சென்றனர். கணவர் வெளியில் நிற்க, அம்மையார் உள்ளே சென்று ப்ரஸாதத்தை அவனிடம் கொடுத்தார். அவன் அதை உண்டான். உண்டபின் அவனுக்கு அழுகை வந்தது. தான் எரிந்துபோகாமல் தப்பியதை உணர்ந்து, அம்மையாரைத் தாயாகக் கருதி விழுந்தான். தன்னையும் எம்பெருமானாரிடம் சேர்ப்பிக்க வேண்டினான். அவர் அவனையும் சிஷ்யனாக ஏற்றார்.

அதற்குள் எச்சான் வீட்டில் அலங்காரம் முடிந்திருந்தது. ஆசார்யனைக் காணவில்லை. வேறோரிடத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டு, ஓடிவந்து விழுந்து அழுதார். தாம் செய்த அபசாரம் என்ன என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே அது தெரியவில்லை. வாசலில் நின்ற இருவரை எம்பெருமானார் நினைவுபடுத்தினார். பாகவதர்களை உபேக்ஷித்த இடத்தில் தமக்குச் செய்யும் ஆராதனம் தமக்கு வந்து சேராது என்று உணர்த்தினார். திருமலையிலிருந்து திரும்பும்போது அவர் இல்லத்துக்கு எழுந்தருள்வதாகவும் வாக்களித்தார்.

எச்சான் எம்பெருமானை வெறுத்தவரல்லர். ஆசார்யனை அன்போடு எதிர்பார்த்தவர். அவரைப் போய் நெஞ்சு இறுகியவர் என்று சொல்லலாமோ என்று நாம் கேட்கக்கூடும். ஆனால் நெஞ்சு இறுகும் நோய் பகையாகவே தொடங்குவதில்லை. எதிரே நிற்பவரைக் காணாமையாகத் தொடங்குகிறது. யாதவர் மாணாக்கரின் கண்ணீரில் தம் அவமானத்தை மட்டும் கண்டார். அதில் இருந்த பக்தியைக் காணவில்லை. எச்சான் தமக்கு வரப்போகும் பேற்றை மட்டும் கண்டார். களைத்த கால்களைக் காணவில்லை. இருவரையும் அப்படிச் செய்யும்படி எவரும் ஏவவில்லை. யாதவர் அதே வழியில் தொடர்ந்து நடந்தார். எச்சான் முதல் அடியிலேயே சுட்டப்பெற்றுத் திரும்பினார். இருவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இவ்விடத்தில் ஸ்ரீபாஷ்யத்தை நினைவுகூர்வது தகும். இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவன் கர்த்தாவே என்பதை எம்பெருமானார் முதலில் நிலைநாட்டுகிறார். இல்லையேல் சாஸ்த்ரம் பயனற்றதாகும். அடுத்துப் பராயத்தாதிகரணத்தில், அக்கர்த்ருத்வம் பரமபுருஷனுக்கு அதீனமானது என்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஜீவன் முதலில் செய்யும் ப்ரயத்நத்தை நோக்கியே அந்தர்யாமி அநுமதி தந்து நடத்துகிறான் என்பது அவர் தரும் ஸமாதானம். இருவருக்குப் பொதுவான சொத்தை உதாரணமாகக் காட்டுகிறார். பங்காளிகளுள் ஒருவன் அச்சொத்தைப் பிறனுக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவன் இசைவு வேண்டும். ஆயினும் அவ்விசைவைத் தேடிப் பெற்றவன் முதல்வனே. ஆகவே பயனும் அவனையே சாரும். கீதாபாஷ்யத்தின் பதினெட்டாம் அத்தியாயத்திலும், பலர் கூடி ஒரு பெரும் பாறையை நகர்த்தும்போது பலரும் காரணமாவதையும், விதி விலக்குகள் அவர்களைச் சாருவதையும் எடுத்துக்காட்டி, இதே பொருளை விளக்குகிறார்.

அப்படியாயின், எவனை உயர்த்த விரும்புகிறானோ அவனை நல்வினையும், எவனைத் தாழ்த்த விரும்புகிறானோ அவனைத் தீவினையும் செய்விக்கிறான் என்று பொருள்படும் கௌஷீதகி வாக்யத்துக்கு என்ன கதி? அது எல்லாரையும் பற்றியதன்று என்கிறார் எம்பெருமானார். தன்னை உகப்பிப்பதிலேயே உறுதி பூண்டவனுக்குத் தன்னை அடைவிக்கும் நற்செயல்களில் ருசியை வளர்க்கிறான். தனக்கு மாறாக நடப்பதிலேயே உறுதி பூண்டவனுக்குக் கீழ்நோக்கிச் செல்லும் செயல்களில் ருசியை உண்டாக்குகிறான். முதல் உறுதி சேதநனுடையது. ருசி வளர்வது அதன்பின் வருவது. நெஞ்சு கல்லாவது இந்த இரண்டாம் நிலையில்தான். அங்கே தண்டனை என்பது வெளியிலிருந்து விழும் இடியன்று. தீமை இனிக்கத் தொடங்குவதே தண்டனை. இது நினைக்க நினைக்க நடுங்கச் செய்யும் வார்த்தை.

வணிகன் கதை இதற்கு மறுபக்கம். அவன் செய்த ப்ரயத்நம் என்ன? நீட்டிய ப்ரஸாதத்தைத் தள்ளாமல் கையில் வாங்கினான், அவ்வளவே. ஒருவன் எம்பெருமான்பக்கம் திரும்புவதற்கு முன் நிகழும் ஆறு படிகளை நம் பூர்வர்கள் சொல்வர்: ஈச்வரனுடைய ஸௌஹார்தம், யாத்ருச்சிகமான ஸுக்ருதம், விஷ்ணு கடாக்ஷம், அத்வேஷம், ஆபிமுக்யம், ஸாத்த்விகரோடு ஸம்பாஷணம் என்று. நடுவிலே நிற்கும் அத்வேஷம், அதாவது வெறாதிருத்தல், எவ்வளவு சிறியது! வணிகனிடம் இருந்தது அதுவே. மதுராந்தகத்து உடும்பு உண்ட சோறு யாத்ருச்சிக ஸுக்ருதம்; அறியாமல் செய்தது; யாதவரிடம் அது பயன்தர நெடுங்காலம் ஆயிற்று. இத்தகைய சிறு இசைவை வ்யாஜம் என்று ஸ்ரீதேசிக ஸம்ப்ரதாயத்தார் கொள்வர். அது அருளுக்குக் காரணமாகாது, விலக்காமை மாத்திரமே என்று ஸ்ரீபிள்ளை லோகாசார்ய ஸம்ப்ரதாயத்தார் கொள்வர். கதவை உடைத்துக்கொண்டு அருள் புகுவதில்லை என்பதில் இரு திறத்தாரும் ஒருமிப்பர்.

எம்பெருமானார் எண்ணாயிரத்திலிருந்து காஞ்சி வழியாகத் திருமலையை அடைந்தபோது நிகழ்ந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது முதிர்ந்த பெரிய திருமலை நம்பி, திருவேங்கடமுடையான் ப்ரஸாதத்தைத் தாமே சுமந்துகொண்டு எதிர்கொண்டார். இதற்கு ஒரு சிறியவர் கிடைக்கவில்லையோ என்று எம்பெருமானார் வருந்த, நான்கு வீதிகளிலும் தேடியும் தம்மினும் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்றார் நம்பி. எண்ணாயிரத்தில் செல்வர் ஒருவரால் தம் வாசல்வரை வர இயலவில்லை. இங்கே முதியவர் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். நெஞ்சின் இளக்கம் கால்களில் தெரிந்தது.

எம்பெருமானார் திருமலையில் ஓராண்டு தங்கி, நம்பியிடம் ஸ்ரீராமாயண ரஹஸ்யார்த்தங்களைக் கேட்டார். திரும்பும் வழியில், வாக்களித்தபடி எச்சான் திருமாளிகைக்கு எழுந்தருளி அவரை அநுக்ரஹித்தார். கிழிந்த சேலையுடைய குடிசைக்கு முதலில் எழுந்தருளினாலும், செல்வர் வீட்டை அவர் மறக்கவில்லை. இடைப்பட்ட நாள்கள் எச்சானுக்குத் தம் வாசற்படியைப் பார்த்துக் கழிந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இறுதிவரை திரும்பாத நெஞ்சும் இச்சரிதத்தில் உண்டு. குருபரம்பரை கிருமிகண்டன் என்று குறிக்கும் சோழன், எம்பெருமானாரைப் பிடிக்க ஆளனுப்பினான். அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துச் சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். உடன் சென்ற பெரிய நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பெருமானார் மேல்நாடு சென்று, திருநாராயணபுரத்தில் செல்லப்பிள்ளையை எழுந்தருளப் பண்ணி, பல்லாண்டுகள் கழித்தே திருவரங்கம் திரும்பினார். அரசனைத் தூண்டியவன் நாலூரான். ஆழ்வானிடமே முன்பு பயின்றவன் என்பர். பின்னாளில் காஞ்சியில் பேரருளாளனிடம் கண்களைக் கேட்டுப் பெறும்படி எம்பெருமானார் ஆழ்வானை நியமித்தார். ஆழ்வான் வரதராஜஸ்தவம் பாடினார். பெருமாள் உகந்து வரம் கேட்கச் சொன்னபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டுவிட்டார். தம் கண்களுக்குக் காரணமானவனுக்காக அவர் கேட்டது இது.

சாஸ்த்ரம் இங்கே ஒரு எல்லையைக் காட்டுகிறது: விரும்பாதவனை எம்பெருமான் இழுத்துச் செல்லான். ஆழ்வானின் பிரார்த்தனை அவ்வெல்லையின் முன்னே சென்று நிற்கிறது. இரண்டையும் நம் பூர்வர்கள் ஒன்றையொன்று அழிக்காமல் நமக்குத் தந்திருக்கிறார்கள். இறுகிய நெஞ்சுக்கு உரியவன் பொறுப்பேற்க வேண்டும். ஆயினும் அவனுக்காக வேண்டும் உரிமை அவனால் புண்பட்டவருக்கு உண்டு. நாலூரானின் நெஞ்சை அளந்து தீர்ப்புச் சொல்லும் வேலையை ஆழ்வான் ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை.

ஸ்வாமி எம்பெருமானார் 1137ஆம் ஆண்டு, 120 திருநக்ஷத்ரங்கள் நிறைந்து, திருவரங்கத்தில் பரமபதத்துக்கு எழுந்தருளினார். அவரைக் கொல்ல நினைத்தவர் அவருக்குச் சிஷ்யரானார். அவர் ஆட்களை வாசலில் மறந்தவர் அவரால் அநுக்ரஹிக்கப்பட்டார். காமத்தால் குருடான வணிகன் தாயென்று விழுந்தான். ஒருவரையும் அவர் துரத்திப் பிடிக்கவில்லை. அவர் செய்ததெல்லாம், திரும்ப நினைத்தவர் திரும்பி வருவதற்கு வழியைத் திறந்து வைத்ததே.

ஆழ்வார் கேட்ட கேள்விக்கு இது முழு விடையா? அன்று ஏன் விட்டாய் என்று ஆழ்வார் கேட்டது அன்பின் வழக்கு. அதற்கு அவனே விடை சொல்ல வேண்டும். ஆனால் அக்கேள்வியை நாம் நம் குற்றத்தை மறைக்கும் திரையாக்கக் கூடாது என்பதற்கு எம்பெருமானார் போதிய விடை தந்திருக்கிறார். அவன் நமக்கு நெஞ்சைத் தந்தான். அறிவையும் கால்களையும் தந்தான். நாம் திரும்பும்வரை நம்முள்ளே பொறுத்து நின்றான். முதல் அடியை எடுத்து வைக்காமலிருந்தது நாமே.

உலகின் பல பகுதிகளில் வாழும் நாம் இன்று திருநக்ஷத்ரங்களையும் உற்ஸவங்களையும் குறைவின்றி நடத்துகிறோம். மாலை வரவில்லை, தளிகை ஆகவில்லை, கோஷ்டி தொடங்க நேரமாயிற்று என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒருவர் வந்து நிற்பார். புதியவராயிருக்கலாம், வயதானவராயிருக்கலாம், என்ன செய்வது என்று தெரியாமல் தயங்குபவராயிருக்கலாம். நம் கைங்கர்யமே நம் கண்களை மறைக்கும் இடம் அதுவே. எண்ணாயிரத்து எச்சானும் அன்று கைங்கர்யத்தில்தான் மூழ்கியிருந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதா, உள்ளே திரும்பிவிடுவதா என்பது அந்தக் கணத்தில் நம் கையில் இருக்கிறது. எது செய்தாலும் அவன் அநுமதிப்பான். எதில் நமக்கு ருசி வளர வேண்டும் என்பதை நாம் அங்கேதான் தீர்மானிக்கிறோம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.